யானைமலை வெடிக்குமா, டீச்சர்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எரிமலையைப் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடக்கிற நேரம் இது. எந்த ஊர்ப் பள்ளிக்குள் நுழைந்தாலும் ஒரு மேஜையில் சூரியக் குடும்பம், அடுத்த மேஜையில் மழைநீர்ச் சேகரிப்பு, அதற்கடுத்து நுரை கக்கும் களிமண் மலை. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான்காம் வகுப்பு எடுக்கிறேன். எரிமலை ஏன் வெடிக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், "பூமிக்குள்ளே சூடு அதிகம், அதனால் வெடிக்கிறது" என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். அந்த வயதுக்குப் புரியும்படி அதற்கு மேல் எப்படிச் சொல்வது?
— ஓர் ஆசிரியை, மேலூர்

நீங்கள் சொல்வது தப்பில்லை, ஆனால் பாதியில் நிற்கிறது. சூட்டால் பாறை உருகுகிறது, சரி. உருகிய பாறை இருந்த இடத்திலேயே கிடக்காமல் ஏன் மேலே வர வேண்டும்? வந்தது பேசாமல் வழிந்து ஓடாமல் ஏன் வெடிக்க வேண்டும்? இந்த இரண்டு கேள்விக்கும் சூடு என்ற ஒரே பதில் போதாது.

பிள்ளைகள் தங்கள் மனத்தில் என்ன படம் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மலைக்குள் தீ எரிவதாகத்தான் இருக்கும். நான் மதுரை ஒத்தக்கடைப் பக்கம் வேலை பார்த்தபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "மலைக்குள்ள யாரு டீச்சர் அடுப்பு பத்த வச்சா?" என்றான். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரிகள் யாரும் அவ்வளவு நல்ல கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. யாரும் பற்ற வைக்கவில்லை. அங்கே எதுவும் எரியவும் இல்லை. பூமி உருவானபோது சேர்ந்த வெப்பம் இன்னும் முழுக்க ஆறவில்லை. அதோடு பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம் போன்றவை சிறுகச் சிறுகச் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கின்றன. நான்காம் வகுப்புக்கு யுரேனியம் வேண்டாம், "இன்னும் ஆறவில்லை" என்பதே போதும்.

நான் இதை மூன்று நாள் பாடமாக வைத்துக்கொள்வேன். ஒரே பீரியடில் எல்லாவற்றையும் திணித்தால் பிள்ளைகளுக்குச் சத்தமும் நுரையும்தான் நினைவில் நிற்கும்.

முதல் நாள், மேலே வருவது எப்படி என்று பார்ப்போம். பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்திலிருந்து சூடு தாங்கும் கண்ணாடிப் பீக்கர் ஒன்றை இரவல் வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடி டம்ளர் வேண்டவே வேண்டாம், விரிசல் விட்டுவிடும். சிவப்பு மெழுகுவர்த்தியை உருக்கி அடியில் ஒரு விரல் பருமனுக்கு ஊற்றி உறையவிடுங்கள். அதன்மேல் கழுவிய ஆற்று மணலை ஒரு விரல் பருமனுக்குப் பரப்புங்கள். முக்கால் பங்கு குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை வையுங்கள். இதையெல்லாம் நீங்கள்தான் செய்ய வேண்டும். பிள்ளைகள் நான்கடி தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும்.

சில நிமிடங்களுக்கு ஒன்றுமே நடக்காது. வகுப்பு சலசலக்கத் தொடங்கும். அப்புறம் திடீரென்று மணலைப் பிளந்துகொண்டு சிவப்பு மெழுகு மேலே பாயும். தண்ணீர் பட்டதும் ஒரு பகுதி வழியிலேயே உறைந்து கோணல்மாணலாக நிற்கும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்துக்குத் தலைமையாசிரியர் ஓடி வருவார், அவரையும் உட்காரச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மெழுகை யார் தள்ளினார்கள்?" யாரும் தள்ளவில்லை. உருகிய மெழுகு, சுற்றியுள்ள தண்ணீரையும் மணலையும்விட எடை குறைந்தது, அதனால் மேலே வருகிறது. பூமிக்குள் உருகிய பாறையும் தன்னைச் சுற்றியுள்ள திடப் பாறையைவிட லேசானது. கிடைத்த விரிசல் வழியாக மேலே ஏறுகிறது. உள்ளே இருக்கும்வரை அதை மாக்மா என்றும், வெளியே வந்துவிட்டால் லாவா என்றும் சொல்கிறோம்.

இரண்டாம் நாள்தான் முக்கியமான நாள். நம் ஊரில் இதற்குச் செலவும் இல்லை, பெட்டிக்கடையில் கோலி சோடா இரண்டு வாங்கினால் போதும். பாட்டிலைத் திறக்காமல் வரிசையாகக் கைமாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே குமிழி தெரிகிறதா? தெரியாது, தண்ணீர் தெளிவாக நிற்கும். இப்போது கோலியைத் தட்டுங்கள். 'உஸ்' என்ற சத்தத்தோடு எங்கிருந்தோ ஆயிரம் குமிழிகள் கிளம்பி வரும். "இவ்வளவு நேரம் இது எங்கே இருந்தது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் மௌனமாக இருங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், யாராவது ஒரு பிள்ளை சொல்லும்: தண்ணீருக்குள்ளேயே கரைந்து இருந்தது என்று.

மாக்மாவிலும் இதே கதைதான். ஆழத்தில் மேலே கிடக்கும் பாறைகளின் சுமை அழுத்திக்கொண்டே இருப்பதால், நீராவியும் கார்பன் டைஆக்சைடும் கந்தக டைஆக்சைடும் அந்தக் குழம்புக்குள் கரைந்து அடங்கிக் கிடக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏறச் சுமை குறைகிறது. அடங்கிக் கிடந்த வாயு குமிழியாகப் பிரிகிறது. குமிழிகள் பெருத்துக் குழம்பையும் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. தண்ணீர் ஆவியாகும்போது முன்பிருந்ததைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். குறுகிய வழிக்குள் அத்தனை இடத்துக்கு எங்கே போவது? எரிமலையை வெடிக்க வைப்பது வாயு. இந்த ஒரு வாக்கியம் பிள்ளைகளின் நோட்டில் ஏறிவிட்டால் என் கணக்கில் பாடம் முடிந்தது.

சோடாவில் பொருந்தாத இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள். சோடாவை நாம் திறக்கிறோம். எரிமலையில் குழம்பு மேலே ஏறுவதே திறப்பு. பிள்ளைகளுக்கு இது புரியுமா என்று சந்தேகப்படாதீர்கள், புரியும்.

மூன்றாம் நாள், ஏன் சில எரிமலைகள் வழிகின்றன, சில வெடிக்கின்றன என்பது. ஒரு டம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் கெட்டியான வெல்லப்பாகு, நன்றாக ஆறியது. ஆளுக்கொரு உறிஞ்சுகுழல் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழி சுலபமாக வந்து உடையும். பாகில் முக்கி முக்கி ஊத வேண்டும், வந்த குமிழி பெரிதாகி 'பட்'டென்று உடைந்து மூக்கில் தெறிக்கும். ஹவாய்த் தீவின் கிலவேயா எரிமலையின் குழம்பு இளக்கமானது, வாயு தாராளமாக வெளியேறிவிடும், பெரும்பாலும் லாவா ஆறாக ஓடும். பிலிப்பைன்ஸின் பினடூபோவில் குழம்பு கெட்டி, வாயுவும் அதிகம். 1991 ஜூனில் அது வெடித்து வானில் ஏற்றிய கந்தகத் துகள்கள் உலகத்தின் சராசரி வெப்பத்தையே ஏறக்குறைய அரை டிகிரி குறைத்தன.

ஒரு பொருளையாவது பிள்ளைகள் கையில் கொடுங்கள். பாதம் தேய்க்க விற்கிற ப்யூமிஸ் கல், மதுரை விளக்குத்தூண் பக்கம் பேன்ஸி கடைகளில் கேட்டால் கிடைக்கும். செயற்கையும் கலந்து வரும், பார்த்து வாங்குங்கள். அசல் கல்லில் உள்ள ஓட்டைகளெல்லாம் அந்த வாயுக் குமிழிகள் இருந்த இடம். குழம்பு உறைந்துவிட்டது, குமிழி போய்விட்டது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். கல் மிதப்பதைப் பார்க்கும்போது வகுப்பின் கடைசி வரிசை முன்வரிசைக்கு வந்துவிடும்.

மகள் ஐந்தாம் வகுப்பு. கண்காட்சிக்கு எரிமலை செய்ய வேண்டும். ஆப்பசோடா, வினிகர் எல்லாம் பழசு, ஆரஞ்சு நிறப் பொடி ஒன்றைக் கொளுத்தினால் நிஜமாகவே தீ கக்கும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், திருமங்கலம்

கூடாது. அந்தப் பொடி அம்மோனியம் டைகுரோமேட். கொளுத்தினால் பொறி பறக்கும், ஆரஞ்சுப் பொடி பச்சைத் தூளாகப் பொங்கி வழியும், பார்க்க அழகுதான். ஆனால் அதில் உள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக் கூடிய வகையைச் சேர்ந்தது. தூளைச் சுவாசித்தாலும் கையில் பட்டாலும் கெடுதல். கூட்டம் நிற்கிற மேஜையில், மின்விசிறிக்குக் கீழே, பத்து வயதுப் பிள்ளை கையாளுகிற பொருளல்ல அது. இன்னொன்று, அது எரிமலையைப் பற்றித் தப்பான பாடத்தையும் சொல்லிக்கொடுக்கிறது. மலைக்குள் ஏதோ எரிகிறது என்ற எண்ணத்தை நான் வகுப்பிலிருந்து விரட்டப் பார்க்கிறேன், அந்தப் பொடி மறுபடி கூட்டி வந்துவிடும்.

ஆப்பசோடா பழசாக இருந்தால் என்ன? வாயு தள்ளுகிறது என்பதை அது ஒழுங்காகவே காட்டுகிறது. நிஜ எரிமலையில் ஆப்பசோடாவும் வினிகரும் கிடையாது, அங்கே வாயு பிறக்கும் விதம் வேறு என்று ஒரு அட்டையில் எழுதி முன்னால் வைக்கச் சொல்லுங்கள். கண்காட்சியில் இதை எழுதி வைக்கிற பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. எழுதினால் நடுவர் நிமிர்ந்து பார்ப்பார்.

ஒரு மலைக்குப் பதில் மூன்று மலை செய்யுங்கள். கண்மாய்க் களிமண், உள்ளே சின்னத் தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். மூன்றிலும் ஒரே அளவு ஆப்பசோடா. முதலாவதில் வெறும் வினிகர், புஸ்ஸென்று சத்தம் வரும், நுரை கொஞ்சம்தான். இரண்டாவதில் வினிகரோடு ஒரு பாக்கெட் ஷாம்பு, நுரை நின்று வழியும். மூன்றாவதில் வினிகரைக் கெட்டியான அரிசிக் கஞ்சியில் கலந்து ஊற்றுங்கள், குமிழி சிக்கிச் சிக்கி வரும். நிறத்துக்குக் கேசரிப் பொடி. மூன்றும் ஏன் வேறு வேறாக வந்தன என்று உங்கள் மகள் தன் வாயால் சொன்னால் போதும். மனப்பாடம் செய்த பேச்சு வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் பாட்டிலை மூடி போட்டு அடைக்க வேண்டாம், முகத்தில் தெறிக்கும்.

யானைமலை எரிமலையா? என்றைக்காவது வெடிக்குமா டீச்சர்?
— நான்காம் வகுப்பு மாணவி, நரசிங்கம்

மலையடிவாரத்தில் வீடு இருக்கிற பிள்ளை கேட்கத்தான் செய்யும். வெடிக்காது கண்ணு. யானைமலை எரிமலை இல்லை, எந்தக் காலத்திலும் எரிமலையாக இருந்ததும் இல்லை.

எரிமலை என்றால் குழம்பு வெளியே வந்து, படிந்து படிந்து வளர்ந்த மலை. யானைமலை வந்த வழி நேர் எதிரானது. அதன் கல் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடுமையான சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாகி மாறியது. 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய சங்கதி. அதற்கு மேலே கிடந்த பாறையையும் மண்ணையும் மழையும் வெயிலும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கொண்டுபோய்விட்டன. கெட்டியான பாறை மட்டும் அரிபடாமல் வெளியே தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அது வளர்ந்து உயரவில்லை, சுற்றியிருந்ததுதான் குறைந்துபோனது. திருப்பரங்குன்றத்துக்கும் ஏறக்குறைய இதே கதை.

ஒரு சின்ன வேலை சொல்கிறேன். கீழே உதிர்ந்து கிடக்கிற கல் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பார். மலையை உடைக்கக் கூடாது, கீழே கிடப்பது மட்டும். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மணி மணியாகத் தெரியும், சிலது மினுங்கும். ஆழத்தில் மெதுவாக, மிக மெதுவாக ஆறினால்தான் மணிகள் அவ்வளவு பெரிதாக வளர நேரம் கிடைக்கும். எரிமலைக் குழம்பு வெளிக்காற்றில் சட்டென்று ஆறுவதால் அந்தக் கல்லில் மணிகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக இருக்கும். மேலூர் குவாரிகளிலிருந்து லாரியில் போகிற கல்லையும் இதே மாதிரி பார்த்துவிட்டு வந்து உன் டீச்சரிடம் சொல்.

உன் ஆச்சி வேறு கதை சொல்லியிருப்பார்: சமணர்கள் ஏவிவிட்ட யானை கல்லாகிப்போனதுதான் யானைமலை, பாம்பு நாகமலை, பசு பசுமலை. திருவிளையாடற் கதை அது. அந்தக் கதையும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். தமிழ் டீச்சர் கேட்டால் யானையைச் சொல், அறிவியல் டீச்சர் கேட்டால் பாறையைச் சொல். இரண்டு பேரிடமும் மார்க் வாங்கலாம்.

இல்லம் தேடிக் கல்வி வகுப்பு எடுத்தவள். பூமியை வெட்டிக் காட்டும் படத்தில் நடுவிலிருந்து சிவப்பாக ஒரு குழாய் எரிமலை வாய் வரை வருகிறது. லாவா பூமியின் மையத்திலிருந்தா வருகிறது?
— ஒரு தன்னார்வலர், உசிலம்பட்டி

இல்லை. அந்தப் படத்தை வரைந்தவருக்கு இடம் போதவில்லை, பிள்ளைகள் தலையில் ஆயுசுக்கும் தப்பு பதிந்துவிட்டது.

பூமியின் மையம் நம் காலடியிலிருந்து சுமார் 6,370 கி.மீ. ஆழத்தில். அங்கிருந்து எந்தக் குழாயும் வரவில்லை. 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே உருகிய நிலையில் இருப்பது இரும்பு. அது வெளியே வந்து நாம் பார்க்கிற லாவா ஆவதில்லை. நடுவில் உள்ள மேன்டில் பகுதி, பலரும் நினைக்கிற மாதிரி கொதிக்கும் குழம்புக் கடல் கிடையாது. பெரும்பகுதி திடப் பாறைதான். அவ்வளவு சூட்டிலும் அது உருகாமல் இருக்கக் காரணம் மேலே உள்ள அழுத்தம். சில இடங்களில் மட்டும், அந்த அழுத்தம் குறையும்போதோ, கடலடித் தட்டோடு (பூமியின் மேற்புறம் இப்படிப் பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது) உள்ளே போன நீர் பாறை உருகும் வெப்பநிலையைக் குறைக்கும்போதோ கொஞ்சம் கொஞ்சமாக உருகுகிறது. தட்டுகள் ஒன்றுக்கடியில் ஒன்று புகும் இடங்களில் இது நடப்பது சுமார் 100 கி.மீ. ஆழத்தில். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போகிற தூரம்கூட இல்லை.

கரும்பலகையில் ஒரு ஆள் உயரத்துக்குக் கோடு போட்டு அதை மையம்வரை என்று வைத்துக்கொண்டால், லாவா புறப்படும் இடம் உச்சியிலிருந்து இரண்டு விரற்கடைதான் வரும். அளந்து காட்டுங்கள். பாடப்புத்தகத்தில் புவியின் உள்ளமைப்பு ஏழாம் வகுப்பில்தான் வருகிறது, உங்களுக்கு அவசரமே இல்லை. மூன்றாம் வகுப்புக்குத் தட்டு, மேன்டில் என்ற பெயரெல்லாம் தேவையில்லை என்பது என் கட்சி. பெயர் தெரிந்த பிள்ளைக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று என் மகன் படிக்கிறான். அப்படியானால் எங்கள் கள்ளிக்குடி, விருதுநகர்ப் பக்கம் ஒரு காலத்தில் எரிமலை இருந்ததா?
— ஒரு விவசாயி

நல்ல சந்தேகம் ஐயா. மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் உள்ள கரிசலுக்குத்தான் அந்தப் பாடம் பொருந்தும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலத்தில் நீள நீளமான பிளவுகள் விட்டு, லாவா அடுக்கடுக்காகப் பரவி ஓடியது. இன்று மிஞ்சியிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கி.மீ. தக்காணப் பீடபூமியின் அந்தக் கறுப்புக் கல்லில்தான் அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தார்கள். அந்தக் கல் சிதைந்து வந்த மண் அங்குள்ள கரிசல்.

அந்த லாவா நம் பக்கம் வரவில்லை. உங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது இரும்புச் சத்து கொண்ட பழைய உருமாறிய பாறைகள். மழை குறைந்த, வெயில் மிகுந்த நிலத்தில் அவை சிதைந்து வந்த கரிசல் உங்களுடையது. பருத்திக்கு இரண்டும் ஒன்றுதான். பையன் பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும், வீட்டில் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் செல்போனில் எரிமலை வீடியோ பார்த்துவிட்டு ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறாள். போதாததற்கு டெல்லிக்கு எரிமலைச் சாம்பல் வந்த செய்தியையும் டிவியில் பார்த்துவிட்டாள். என்ன சொல்லித் தேற்றுவது?
— ஒரு தந்தை, அனுப்பானடி

"பயப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எந்தப் பிள்ளையிடமும் வேலை செய்யாது. உலக வரைபடத்தை விரியுங்கள். மதுரையைக் காட்டுங்கள். அப்படியே கிழக்கே கடலைத் தாண்டி அந்தமானுக்குக் கூட்டிப் போங்கள். போர்ட் பிளேயரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 140 கி.மீ. வடகிழக்கே பேரன் தீவு. இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கிற எரிமலை அதுதான். மதுரையிலிருந்து 1,700 கி.மீ.க்கு மேல். 1787இல் அது வெடித்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் நூறாண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்துவிட்டு 1991இல் மறுபடி தொடங்கியது, அதிலிருந்து அவ்வப்போது புகைந்துகொண்டிருக்கிறது. அந்தத் தீவில் மனிதர்கள் யாரும் இல்லை. ஆடுகள் உண்டு, எப்போதோ கப்பலில் வந்து விடப்பட்டு, காட்டு ஆடுகளாகிப்போனவை. உங்கள் மகளிடம் ஆடுகளைப் பற்றிச் சொல்லுங்கள். எரிமலை இருக்கிற தீவிலேயே ஆடு மேய்கிறது என்றால் பாதிப் பயம் போய்விடும்.

எரிமலை எங்கே வேண்டுமானாலும் முளைக்காது என்பதையும் வரைபடத்திலேயே காட்டலாம். அந்தமானிலிருந்து சுமத்ரா, ஜாவா என்று ஒரே வரிசையாக விரலை நகர்த்துங்கள். கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் கீழ் புகும் ஓரம் அது. 2004 சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கமும் அந்த ஓரத்தில்தான். 1883இல் வெடித்த கிரகடோவாவும் அதே வரிசையில்தான், சத்தம் இலங்கை வரை கேட்டிருக்கிறது. மதுரை அந்த ஓரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, பழைய கெட்டிப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

டெல்லிக்கு வந்தது 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்தபோது எழுந்த சாம்பல் மேகம். வானத்தில் மிக உயரத்தில் காற்றோடு போனது, தரையில் இருந்தவர்களுக்கு ஆபத்தில்லை. விமானங்களை நிறுத்தியது வேறு காரணத்துக்காக. எரிமலைச் சாம்பல் என்பது நொறுங்கிய பாறையும் கண்ணாடியும் கலந்த துகள். விமான இன்ஜினுக்குள் போனால் அங்குள்ள சூட்டில் மறுபடி உருகி ஒட்டிக்கொண்டு இன்ஜினையே நிறுத்திவிடும். அதனால் முன்கூட்டியே நிறுத்தினார்கள். பெரியவர்கள் கவனமாக இருக்கிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிந்தாலே நிம்மதிதான். வீடியோவைக் கொஞ்ச நாளைக்கு ஒளித்து வைப்பதும் நல்லது.

எங்கள் ஊரில் மின்கம்பி அறுந்து விழுந்த இடத்தில் மண் உருகிக் கறுப்பாகக் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. எரிமலைக் குழம்பு என்று எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், பேரையூர்

இல்லை. அதிக அழுத்த மின்சாரம் பாய்ந்தால் மண்ணில் உள்ள மணல் உருகிக் கண்ணாடியாக உறையும். மின்னல் தாக்கிய மணலிலும் இப்படி ஆகும். பூமிக்குள்ளிருந்து எதுவும் வரவில்லை. வேடிக்கை பார்ப்பவர்களை முதலில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மின்வாரியத்தார் வந்து மின்சாரம் இல்லை என்று உறுதி சொன்ன பிறகு அந்தக் கட்டியை எடுத்துப் பள்ளிக்குக் கொடுங்கள்.

எரிமலை மேல தண்ணி ஊத்துனா அணைஞ்சிருமா?
— இரண்டாம் வகுப்பு மாணவன், சோழவந்தான் (அக்கா எழுதி அனுப்பியது)

தம்பி, ஐஸ்லாந்து நாட்டில் ஊற்றியே பார்த்திருக்கிறார்கள். 1973 ஜனவரியில் ஹெய்மே என்ற சின்னத் தீவில், ஊருக்குப் பக்கத்திலேயே ராத்திரி நேரத்தில் நிலம் பிளந்து எரிமலை கிளம்பியது. ஊர் மக்களைப் படகுகளில் ஏற்றி வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே எல்லோருக்கும் மீன்பிடிதான் பிழைப்பு. லாவா மெல்ல மெல்ல நகர்ந்து துறைமுகத்தின் வாயை அடைக்கப் பார்த்தது. துறைமுகம் போனால் ஊரே போன மாதிரி. அதனால் கடல்நீரை ராட்சதப் பம்புகளில் இறைத்து லாவாவின் முன்பக்கத்தில் மாதக்கணக்கில் பீய்ச்சினார்கள். மொத்தம் 60 லட்சம் கன மீட்டருக்கும் மேல் தண்ணீர். நம் வைகை அணை நிரம்பி நிற்கும்போது இருக்கிற தண்ணீரில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு.

எரிமலை அணையவில்லை. அணைய அங்கே தீ இல்லையே! ஆனால் ஓடிவந்த குழம்பு ஆறி, உறைந்து, தனக்குத் தானே சுவராக நின்றுவிட்டது. துறைமுகம் தப்பித்தது.

ஆனால் எரிமலையின் வாய்க்குள்ளேயே தண்ணீர் ஊற்றினால் நிலைமை வேறு. ஆயிரம் டிகிரி சூட்டில் தண்ணீர் சட்டென்று நீராவியாகி, இருக்கிற வெடிப்பை இன்னும் பெரிதாக்கிவிடும். அதனால் நீ ஊற்றப் போவதாக இருந்தால் ஓடுகிற லாவாவின் முன்பக்கத்தில், தூரத்தில் நின்று ஊற்று. உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு போ, பம்பைப் பிடிக்க ஆள் வேண்டும்.